பட்டா இருந்தும் வீட்டை இடிக்கிறாங்களே, ஏன்? ஏரி, ஆற்றோர நிலத்துக்கு சட்டம் சொல்லும் விளக்கம்

சென்னை,

ஐப்பசி பிறந்து விட்டால் சென்னைவாசிகள் தினமும் பார்க்கும் கணக்கு ஒன்று உண்டு. செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி, புழல் 21.20 அடி. இன்றைக்கு எத்தனை அடி ஏறியது என்று டீக்கடையில் கூட பேசிக் கொள்வார்கள். ஆனால் ஏரி நிரம்பினால் தண்ணீர் தரையில் எதுவரை வந்து நிற்கும், அந்த கோட்டுக்கு உள்ளே இருக்கும் மனையை சட்டம் என்னவென்று சொல்கிறது என்பதை மனை வாங்கும்போது யாரும் கேட்பதில்லை. "பட்டா இருக்கு சார், பயப்படாதீங்க" என்ற ஒரே வார்த்தையில் அட்வான்ஸ் கைமாறி விடுகிறது.

வினையே அங்குதான். ஏரிக்கரை, ஆற்றங்கரையில் உள்ள ஒரே துண்டு நிலத்தை வருவாய்த்துறை, நீர்வளத்துறை, சி.எம்.டி.ஏ., மத்திய அரசின் சுற்றுச்சூழல் விதிகள் என ஒவ்வொன்றும் ஒவ்வொரு பெயரில் அழைக்கின்றன. ஒன்றில் தப்பினாலும் இன்னொன்றில் மாட்டிக் கொள்ளலாம்.

புறம்போக்கு எது?

தீர்வை விதிக்கப்படாமல் பொதுப் பயன்பாட்டுக்கு என்று ஒதுக்கிய நிலம்தான் புறம்போக்கு. ஏரி, குளம், குட்டை, தாங்கல், ஓடை, வாய்க்கால் எல்லாம் இதில் அடக்கம். பழவந்தாங்கல், அய்யப்பன்தாங்கல் என்ற ஊர் பெயர்களில் ஒட்டியிருப்பதும் அந்த தாங்கல்தான்.

வெள்ளைக்காரன் காலத்தில் 1905-ல் வந்த நில ஆக்கிரமிப்பு சட்டம் இன்றும் அமலில் இருக்கிறது. ஆறு, ஓடை, ஏரி, கால்வாய் ஆகியவற்றின் படுகை, தனியாருக்கு உரிமை உள்ளது என்று நிரூபிக்கப்பட்டால் தவிர, அரசு சொத்து என்கிறது அந்த சட்டம். நோட்டீஸ் கொடுத்து காலி செய்ய வைப்பதும் இதன்படிதான்.

குடியிருப்பவர்களுக்கு பட்டா கொடுக்கும்போது புறம்போக்கை இரண்டாக பிரிப்பார்கள். ஆட்சேபனை இல்லாதது, ஆட்சேபனைக்கு உரியது. நீர்நிலை புறம்போக்கு இரண்டாவது வகை. 30 வருஷம் வீட்டு வரி கட்டினாலும், மின் இணைப்பு, ரேஷன் கார்டு எல்லாம் இருந்தாலும் அது உரிமை ஆகி விடாது. ஏழை ஜனங்கள் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

ஏரிகளுக்கு என்றே 2007-ல் தனிச்சட்டம் வந்தது. பொதுப்பணித்துறை வசம் இருந்த ஏரிகளை அளந்து, எல்லை குறித்து, ஆக்கிரமிப்பை அகற்ற அது வழி செய்தது. சின்ன ஏரிகள் ஊராட்சி ஒன்றியங்களிடம் இருப்பவை. "இது பொதுப்பணித்துறை ஏரி இல்லை" என்று யாராவது சமாதானம் சொன்னால் நம்ப வேண்டாம். 1905 சட்டம் அங்கேயும் பாயும். ஓடை, குளம் உள்பட நீர்நிலைகளை அடையாளம் கண்டு ஆக்கிரமிப்பை எடுக்க வேண்டும் என்று சென்னை ஐகோர்ட்டு 2005-லேயே உத்தரவிட்டு விட்டது.

நிஜ பட்டாவிலும் சிக்கல்

சரி, புறம்போக்கு இல்லை, அசல் பட்டா நிலம்தான் என்றே வைத்துக் கொள்வோம். அப்போதும் கட்டிடம் கட்டலாம் என்று அர்த்தம் இல்லை. நிலம் யாருக்கு என்று சொல்வது பட்டா. அதில் என்ன கட்டலாம் என்று சொல்வது மாஸ்டர் பிளான்.

2008-ல் அமலுக்கு வந்த சென்னையின் 2-வது மாஸ்டர் பிளானில் குடியிருப்பு, வணிகம் போன்ற மண்டலங்களோடு நீர்ப்பிடிப்பு பகுதி, நிலத்தடி நீர் செறிவூட்டும் பகுதி என்ற மண்டலங்களும் உண்டு. முதலாவது செங்குன்றம் பக்கம், இரண்டாவது தென் சென்னை கடலோரம். இங்கே வழக்கமான குடியிருப்பு மண்டலம் போல இஷ்டத்துக்கு மனை பிரிக்கவோ, மாடி மேல் மாடி எழுப்பவோ முடியாது.

நீர்நிலையில் இருந்து 15 மீட்டருக்குள் மனை இருந்தால், தண்ணீர் மாசுபடாமல் இருக்க நிபந்தனை போடவும், அனுமதியை மறுக்கவும் கட்டிட விதிகளில் இடம் உண்டு. வெள்ளம் தேங்கும் தாழ்வான நிலம் என்றால் நீர்வளத்துறையின் தடையில்லா சான்றும் கேட்பார்கள்.

சதுப்பு நிலம்

மத்திய அரசின் 2017 சதுப்பு நில விதி இன்னும் கடுமை. கடந்த 10 ஆண்டுகளின் சராசரி உயர் வெள்ள மட்டத்தில் இருந்து 50 மீட்டருக்குள், படகுத்துறை தவிர நிரந்தர கட்டுமானம் எதுவும் கூடாது. ஆனால் ஆற்றின் நீரோட்டப் பகுதி, நெல் வயல், குடிநீருக்காக அமைத்த நீர்நிலை, பாசனத்துக்காக கட்டியவை எல்லாம் சதுப்பு நிலம் ஆகாது என்றும் அதே விதி சொல்கிறது. நம்மூரில் ஏரி என்றாலே பாசனத்துக்கு வெட்டியதுதானே! ஆக, ஊருக்கு ஊர் இருக்கும் ஏரிகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த 50 மீட்டர் பாதுகாப்பு கிடைப்பதில்லை.

பள்ளிக்கரணை கதை வேறு. 1,247 எக்டேர் பரப்பு 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அப்படி சேர்ந்தால் சுற்றிலும் 'தாக்க மண்டலம்' ஒன்றையும் வரையறுக்க வேண்டும். அது முடிவாகும் வரை 1 கி.மீ. சுற்றளவில் கட்டுமான அனுமதி தரக்கூடாது என்று 2025 செப்டம்பரில் தேசிய பசுமை தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு உத்தரவிட்டது. பட்டா, பத்திரம் எல்லாம் பக்காவாக வைத்திருந்தவர்களும் பிளான் கிடைக்காமல் திண்டாட வேண்டி வந்தது.

கூவம், அடையாறு

முகத்துவாரத்தை ஒட்டிய ஆற்றங்கரைக்கு கடலோர ஒழுங்குமுறை விதியும் சேர்ந்து கொள்ளும். வறண்ட காலத்தில் ஆற்று நீரில் ஆயிரத்தில் 5 பங்கு உப்பு இருக்கும் இடம் வரை கடல் ஏறி வருவதாக கணக்கு. அதுவரை 2011 விதிப்படி கரையில் இருந்து 100 மீட்டர் அல்லது ஆற்றின் அகலம், இதில் எது குறைவோ அது கட்டுப்பாட்டு பகுதி. 2019 விதியில் 100 மீட்டர் 50 ஆக சுருங்கியது. புதிய வரைபடத்துக்கு ஒப்புதல் கிடைக்கும் வரை பழைய கணக்குதான் செல்லும்.

என்ன பார்க்க வேண்டும்?

பட்டா, வில்லங்க சான்றோடு நின்று விடக்கூடாது. கிராமத்தின் 'அ' பதிவேட்டில் அந்த சர்வே எண்ணுக்கு என்ன வகைப்பாடு என்று பார்க்க வேண்டும். எப்.எம்.பி. வரைபடத்தில் வாய்க்கால், ஓடை குறுக்கே போகிறதா என்று பார்ப்பதும் அவசியம். சி.எம்.டி.ஏ. எல்லைக்குள் என்றால் மண்டலம் எது என்று எழுத்து மூலம் கேட்டு வாங்கலாம்.

முக்கியமாக, 1979-ல் தொடங்கிய யு.டி.ஆர். நிலப்பதிவு மேம்பாட்டு திட்டத்துக்கு முந்தைய பதிவேட்டையும் தாலுகா ஆபீசில் நகல் கேட்க வேண்டும். இப்போது தனியார் பெயரில் இருக்கும் சர்வே எண் பழைய பதிவேட்டில் 'ஏரி' அல்லது 'ஓடை' என்று இருந்தால், அட்வான்ஸ் கொடுக்காமல் திரும்பி வந்து விடலாம். கொடுத்து விட்டவர்கள் வக்கீலை பார்ப்பது நல்லது.