தானுந்து உணரிகளில் விட்டுவிட்டு நேரும் மின்னழுத்தப் பழுது

விட்டுவிட்டு நேரும் மின்னழுத்தப் பழுது என்பது, தானுந்துப் பொறியின் உணரி ஒன்றிலிருந்து கட்டுப்பாட்டுக் கணினிக்குச் செல்லும் மின்னழுத்தம் சிறிது நேரம் பிறழ்ந்து, பின்னர் தானே சரியாகிவிடும் நிலை ஆகும். பட்டறை வழக்கில் இது "லூஸ் காண்டாக்ட்" எனப்படும். எனினும் காரணம் எப்போதும் தளர்ந்த இணைப்பு அன்று. சாலையில் நின்றுபோன வண்டி பட்டறைக்கு வந்ததும் ஒழுங்காக ஓடுவதால், இதனைக் கண்டறிவது கடினம். நல்ல உணரிகள் பல வீணாக மாற்றப்படுவதும் இதனாலேயே.

பின்னணி

கார்புரேட்டர் கொண்ட பொறிகளில் இத்தகைய பழுதுக்குப் பெரும்பாலும் இடமில்லை. எரிபொருள் உட்செலுத்தல் பரவிய பின்னரே உணரிகள் இன்றியமையாதன ஆயின. இந்தியாவில் பாரத் நிலை 4 விதிகளின் கீழ், வண்டியிலேயே அமைந்த பழுதறி முறையின் முதற்கட்டம் 2010 ஏப்ரலிலும் இரண்டாம் கட்டம் 2013 ஏப்ரலிலும் கட்டாயமாயின. அதற்கு முந்தைய வண்டிகளில் பழுதுக் குறியீடு கிடைப்பது உறுதியன்று.

செயற்பாடு

பெரும்பாலான உணரிகளுக்குக் கணினி 5 வோல்ட் ஒப்பீட்டு மின்னழுத்தம் அளிக்கிறது. மூன்று கம்பி உணரியில் ஒன்று இந்த 5 வோல்ட், மற்றொன்று எர்த், மூன்றாவது குறிகை. திராட்டில் நிலை உணரியின் குறிகை, மூடிய நிலையில் ஏறத்தாழ 0.5 வோல்ட்டும், முழுதும் திறந்த நிலையில் ஏறத்தாழ 4.5 வோல்ட்டும் இருக்கும். இரு முனைகளிலும் இடைவெளி விட்டிருப்பது காரணத்தோடுதான்: 0 அல்லது 5 வோல்ட் வந்தால் கம்பி அறுந்தது அல்லது குறுக்குச் சுற்றானது என்று கணினி அறிந்துகொள்ளும்.

குளிர்நீர் வெப்ப உணரி இரு கம்பிகள் உடையது. வெப்பம் கூடக் கூட அதன் மின்தடை குறையும். சுற்று அறுந்தால் மின்னழுத்தம் 5 வோல்ட்டுக்கு ஏறும். ஸ்கேனரில் −40 °C போன்ற எண் தோன்றும். சித்திரை வெயிலில் மதுரையில் ஓடும் வண்டி −40 °C காட்டுமாயின் குறை நீரில் இல்லை, சுற்றில்தான் என்பது தெளிவு.

பொதுக் கம்பிகள்

ஒரே 5 வோல்ட் கம்பியைப் பல உணரிகள் பகிர்ந்துகொள்வது வழக்கம். அவற்றுள் ஒன்று உள்ளே குறுக்குச் சுற்றானால் மற்றவற்றின் அளவீடுகளும் சேர்ந்து வீழும். பி0642 என்னும் குறியீடு ஒப்பீட்டு மின்னழுத்தம் குறைந்ததையும், பி0643 மிகுந்ததையும் குறிக்கும். ஆகவே ஒரே நொடியில் இரண்டு மூன்று உணரிகளுக்குக் குறியீடு பதிவாகியிருந்தால், அவை அனைத்தும் ஒருங்கே கெட்டன என்று கொள்வது தவறு; பொதுவான கம்பியையே முதலில் ஐயுற வேண்டும். ஒவ்வோர் உணரியாகக் கழற்றிப் பார்க்கையில் எதனைக் கழற்றியதும் 5 வோல்ட் மீள்கிறதோ, அதுவோ அதற்குச் செல்லும் கம்பியோ குற்றவாளி.

காரணங்கள்

அதிர்வால் இணைப்பியின் முனைகள் நுண்ணளவில் உராய்ந்து ஆக்சைடு படிதல், எலி கடித்த கம்பி, பொறியை நீர் பாய்ச்சிக் கழுவுதல், கூடுதல் கருவிகளுக்காகக் கம்பியைச் சீவி ஒட்டுநாடா சுற்றுதல் ஆகியன பொதுவானவை. சோதனை முனையை இணைப்பிக்குள் வலிந்து நுழைப்பதால் முனை அகன்று, சோதனையே புதுப் பழுதை உண்டாக்குவதும் உண்டு. கிராங்கு உணரிகள் சில, சூடேறியதும் குறிகையை இழந்து ஆறியதும் மீளும். நின்ற வண்டி அரைமணி கழித்துக் கிளம்பினால் இதனை நினைவிற் கொள்ளலாம்.

கண்டறிதல்

பழுதைச் சோதனையின்போதே தோற்றுவிப்பதுதான் முதன்மையான வழி. பொறி ஓடும்போது கம்பிக்கட்டை ஒவ்வோர் இடமாக அசைத்தல், வெப்பக்காற்று பாய்ச்சுதல், நீர் தெளித்தல் ஆகியவற்றின்போது அளவீடு தாவுகிறதா என்று நோக்குவர். சாதாரண மல்டிமீட்டர் நொடிக்குச் சில முறையே அளப்பதால் நொடியின் சிறு பகுதியில் நிகழும் வீழ்ச்சியைத் தவறவிடும்; அலைவுகாட்டி தவறவிடாது.

எர்த் கம்பியை ஓம் அளவால் மட்டும் சோதித்தல் போதாது. ஓரிழை மட்டும் எஞ்சிய கம்பியும், மல்டிமீட்டரின் மிகச் சிறிய மின்னோட்டத்திற்கு நல்லதாகவே தோன்றும். பொறி ஓடுகையில் கணினியின் எர்த்துக்கும் மின்கலத்தின் எதிர்முனைக்கும் இடையே மின்னழுத்தத்தை அளக்க வேண்டும், 0.1 வோல்ட்டைத் தாண்டுவது ஐயத்திற்குரியது.

பழுதல்லாத மாற்றம்

மதுரை ஆரப்பாளையத்திலிருந்து கொடைக்கானலுக்குச் செல்லும் வண்டி ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம் வரை ஏறுகிறது. சமவெளியில் ஏறத்தாழ 100 கிலோபாசுக்கலாக உள்ள காற்றழுத்தம் அங்கு 80 கிலோபாசுக்கலுக்குச் சற்றுக் கீழே இறங்கும். பொறியை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பிப் பார்த்தால், உள்ளிழு குழல் அழுத்த உணரியின் மின்னழுத்தமும் அதற்கேற்பக் குறைந்திருக்கும். இதனைப் பழுதெனக் கருதி உணரியை மாற்றுதல் கூடாது. மெல்லக் குறைவது உயரத்தினால். சட்டென வீழ்ந்து மீள்வதே பழுது.

பாதுகாப்பு

மின்னணுத் திராட்டில் உள்ள வண்டிகளில் மிதிக்கட்டைக்கு இரண்டு உணரிச் சுற்றுகள் உள்ளன. பல வடிவமைப்புகளில் ஒன்றன் மின்னழுத்தம் மற்றதன் இருமடங்காகும். இந்த விகிதம் பிறழ்ந்தால் கணினி பொறியின் ஆற்றலை மட்டுப்படுத்தும். நெரிசலிலோ மலைப்பாதையிலோ வேகம் திடீரென அடங்குவதற்கு இது காரணமாகலாம்.