களத்துமேட்டிலிருந்து படகின் அடிவரை

அவுட்போர்டு மோட்டாரின் புரொப்பெல்லருக்குச் சற்று மேலே ஒரு தகடு கிடையாக நீட்டிக்கொண்டிருக்கும். நம் கடற்கரை ஃபைபர் படகுகளின் மோட்டார்களிலும் அதைப் பார்க்கலாம். பல பத்தாண்டுகளாக அதற்கு ‘ஆன்டி-கேவிட்டேஷன் பிளேட்’ என்று பெயர். ஆனால் அந்தத் தகட்டுக்கும் கேவிட்டேஷனுக்கும் சம்பந்தமே இல்லை. அது தடுப்பது வென்டிலேஷனை. இரண்டும் வேறு வேறு நோய்கள். ஒன்றின் மருந்துப் புட்டியில் மற்றதன் பெயரை ஒட்டிவிட்டார்கள்.

இரண்டில் ‘வென்டிலேஷன்’தான் மூத்த சொல். லத்தீனில் ‘வென்டுஸ்’ என்றால் காற்று. அதன் வழிவந்த ‘வென்டிலாரே’ என்ற வினைக்கு விசிறுதல், தானியம் தூற்றுதல் என்று பொருள். களத்துமேட்டில் பதரைப் பறக்கவிட்டு மணியைக் கீழே விழவைக்கிற வேலை. மூடிய இடத்துக்குள் நல்ல காற்றை வரவிடுதல் என்ற இன்றைய பொருள் பிறகுதான் வந்தது. அந்தப் பொருள் கப்பல் ஏறியதில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியாருக்குப் பங்கு உண்டு. செடிகள் எவ்வளவு நீர் உறிஞ்சுகின்றன என்று அளந்து பார்த்த அதே ஹேல்ஸ்தான். வென்டிலேட்டர் பற்றிய அவருடைய நூல் 1743இல் வந்தது. கப்பலின் அடித்தட்டிலும் சிறைக்கூடத்திலும் தேங்கிக் கிடக்கும் கெட்ட காற்றைத் துருத்தி கொண்டு மாற்றும் பொறிதான் வென்டிலேட்டர். கப்பலுக்கு உள்ளே காற்று வேண்டப்பட்ட விருந்தாளி.

கப்பலுக்கு அடியில் அப்படியில்லை. நீராவிக் கப்பல் அலையில் எழும்பி இறங்கும்போது எஞ்சின் திடீரென்று வெறிபிடித்துச் சுற்றும். ‘ரேசிங்’ என்றார்கள். அதன் காரணத்தை ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் 1873இல் சோதனைகளோடு விளக்கினார். திருகு, அதாவது புரொப்பெல்லர், நீரின் மேற்பரப்புக்கு அருகில் வந்தால் மேலிருக்கும் காற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறது. இறக்கையின் முதுகில் தண்ணீர் இருக்கவேண்டிய இடத்தில் காற்று உட்கார்ந்துகொள்கிறது. தள்ளுவதற்குப் பிடிமானம் இல்லாமல் எஞ்சின் பறக்கிறது. இன்று வென்டிலேஷன் என்று சொல்வது இதைத்தான். பொருள் அன்றே தெளிவாகிவிட்டது, பெயர்தான் வேறாக இருந்தது.

இருபது ஆண்டுகள் கழித்து இளைய சொல் பிறந்தது. தார்னிகிராஃப்ட் நிறுவனம் கட்டிய ‘டேரிங்’ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் சோதனை ஓட்டத்தில் எதிர்பார்த்த 27 நாட் வேகத்தை எட்டவில்லை. இறக்கைகளின் பரப்பைக் கூட்டிய பிறகே எட்டியது. இறக்கையின் முதுகில் அழுத்தம் மிகவும் குறைந்து, தண்ணீரே அந்த இடத்தில் குழிந்து ஆவியாகிவிடுகிறது என்று கண்டார்கள். 20 டிகிரி செல்சியஸில், வளிமண்டல அழுத்தத்தில் நாற்பதில் ஒரு பங்குக்கும் கீழே போனால் தண்ணீர் கொதித்துவிடும். இதற்குக் ‘கேவிட்டேஷன்’ என்ற பெயரைச் சொன்னவர் ஆர். இ. ஃபுரூட். குழிந்தது, உள்ளே வெறுமையானது என்று பொருள்படும் ‘காவுஸ்’ என்ற லத்தீன் சொல்தான் வேர். சார்லஸ் பார்சன்ஸின் ‘டர்பினியா’ என்ற படகுக்கும் இதே தொல்லை. ஒற்றைத் திருகோடு 20 நாட்டைக்கூடத் தாண்டாத அந்தப் படகு, மூன்று தண்டுகளில் ஒன்பது திருகுகள் மாட்டிய பிறகு 34 நாட் போனது. 1897இல் விக்டோரியா ராணியின் வைரவிழாக் கடற்படை அணிவகுப்பின் நடுவே அது சீறிப் பாய்ந்ததில் சொல்லும் பேர் பெற்றது.

குழப்பம் அங்கேதான் தொடங்கியது என்பது என் கணிப்பு. சுக்கான் பிடித்திருப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்: எஞ்சின் அலறும், படகு நகராது. புகழ்பெற்ற பெயரை இரண்டுக்கும் வைத்துவிட்டார்கள். ஆனால் உலோகம் பொய் சொல்லாது. ஆவிக் குமிழ் அழுத்தம் கூடிய இடத்துக்கு வந்ததும் நொறுங்கி இறக்கையை அரிக்கும். அம்மைத் தழும்புபோல் குழிகள் விழும். மேலிருந்து வந்த காற்று அப்படி நொறுங்குவதில்லை, தழும்பும் இல்லை.

படகுப் பந்தயக்காரர்கள் வென்டிலேஷன் என்ற நோயையே வரமாக்கிக்கொண்டது சுவையான திருப்பம். கனடாக்காரரான ஆல்பர்ட் ஹிக்மன் 1910களிலேயே தன் ‘சீ ஸ்லெட்’ படகில் திருகின் மேல்பாதியைத் தண்ணீருக்கு வெளியே வைத்தார். ஒவ்வொரு இறக்கையும் நீரில் இறங்கும்போது தன்னோடு காற்றைக் கொண்டுபோகிறது. ஆவிக்குப் பதில் காற்று, ஆகவே அரிப்பு இல்லை. தண்டும் அதைத் தாங்கும் பகுதியும் நீருக்கு மேலே இருப்பதால் இழுவையும் குறைவு. 1950 ஜூனில் சியாட்டிலின் வாஷிங்டன் ஏரியில் ‘ஸ்லோ-மோ-ஷுன் 4’ என்ற பந்தயப் படகு இப்படிப் பாதித் திருகில் சவாரி செய்து, மணிக்கு 141 மைலாக இருந்த நீர்மேல் வேகச் சாதனையை 160க்கு உயர்த்தியது. (வேகத்துக்குப் போட்டியிடும் படகுக்கு ‘ஸ்லோ மோஷன்’ என்று பெயர் வைத்தவர்களின் குறும்பைப் பாராட்டத்தான் வேண்டும்.) அந்த வகைப் படகு ‘புராப் ரைடர்’ ஆனது; பின்னால் எழும் நீர்வளைவு ‘ரூஸ்டர் டெயில்’, அதாவது சேவல் வால்.

கைக்கடக்கமான மாதிரிப் படகுகளிலும் இதே கதைதான். அங்கே பெயர்கள் கவித்துவத்தை விட்டுக் கணக்காகிவிட்டன. ஆக்டுரா நிறுவனத்தின் எக்ஸ்440 என்றால் விட்டம் 40 மில்லிமீட்டர், ஒரு சுற்றில் முன்னேற வேண்டிய தூரம் அதைப்போல் 1.4 மடங்கு. பாதி மூழ்கிய திருகு படகைப் பக்கவாட்டிலும் தள்ளும். அதைச் சரிக்கட்டுவதும் ஓட்டுபவரின் வேலை.

பெரிய படகுத் திருகுகள் சிலவற்றின் குடத்தில் சிறு துளைகள் இருக்கும். கிளம்பும்போது எஞ்சின் சட்டென்று சுழற்சி பிடிக்கட்டும் என்று புகைக்காற்றை வேண்டுமென்றே இறக்கைமேல் விடுவதற்கு. அதுவும் வென்டிலேஷன்தான்.

தயாரிப்பாளர்கள் இப்போது அந்தத் தகட்டை ‘ஆன்டி-வென்டிலேஷன் பிளேட்’ என்று திருத்தி எழுதுகிறார்கள். பேச்சில் பழைய பெயர் இன்னும் ஓடுகிறது. அடுத்த முறை எஞ்சின் அலறிப் படகு நகராவிட்டால், புதுத் திருகு வாங்கும் முன் பழையதன் முதுகைத் தடவிப் பாருங்கள். குழி விழாமல் வழவழப்பாக இருந்தால், முதலில் பார்க்கவேண்டியது மோட்டார் எவ்வளவு உயரத்தில் மாட்டப்பட்டிருக்கிறது என்பதை.