அழற்சியை ஆளும் புரதங்களும் திரிபுற்ற சுண்டெலிகளும்

அழற்சி என்பது நோயன்று. காயத்தையோ கிருமியையோ எதிர்கொள்ளும்போது உடல் தானே மூட்டிக்கொள்ளும் நெருப்பு அது. சாத்தான்குளத்துப் பக்கம் தேரிக்காட்டில் பனையேறும் ஒருவரின் முன்கையை மட்டைக் கருக்கு கீறிவிட்டால், சற்று நேரத்தில் அவ்விடம் சிவந்து, சூடேறி, தடித்து, விண்விண்ணென்று தெறிக்கிறது. இரத்தக் குழாய்கள் விரிந்து வெள்ளணுக்கள் அங்கே வந்து குவிவதன் வெளித்தோற்றமே இந்நான்கும். இரண்டொரு நாளில் அது வற்றியும் விடுகிறது. மூள்வதைப் போலவே வற்றுவதும் உயிரணுக்கள் முனைந்து செய்யும் வேலைதான் என்பதை உயிரியலாளர் அறிந்தது பெரிதும் மரபணு திரிந்த சுண்டெலிகளைக் கொண்டே. கருப்பட்டிச் சிப்பத்தை இரவோடிரவாகக் கொறிக்கும் வீட்டுச் சுண்டெலியின் வழிவந்தவைதான் அந்த ஆய்வக எலிகளும்.

உயிரணுவின் உட்கருவில் ஆயிரக்கணக்கான மரபணுக்கள் இருப்பினும் எல்லாம் ஒரே வேளையில் இயங்குவதில்லை. குறிப்பிட்ட மரபணுவின் முகப்பில் வந்து அமர்ந்து, அதைப் படியெடுக்கச் செய்யவோ படியெடுக்கவிடாமல் தடுக்கவோ வல்ல புரதங்களைப் படியெடுத்தல் காரணிகள் என்பர். எதிர்ப்பொருளின் ஒரு கூறான கப்பா சங்கிலிக்குரிய மரபணுவோடு பிணையும் அத்தகைய புரதம் ஒன்றை 1986-இல் ரஞ்சன் சென்னும் டேவிட் பால்டிமோரும் பி வெள்ளணுக்களில் கண்டு, என்எஃப்-கப்பா-பி எனப் பெயரிட்டனர். பி வெள்ளணுவுக்கே உரியதென முதலில் எண்ணப்பட்ட அது, ஏறத்தாழ எல்லா உயிரணுக்களிலும் உறங்கிக் கிடப்பது பின்னர் தெரியவந்தது. ஐகப்பாபி என்னும் மற்றொரு புரதம் அதை உட்கருவுக்கு வெளியே பிடித்து வைத்திருக்கிறது. கிருமியின் அடையாளம் தட்டுப்பட்டதும் அப்புரதம் சிதைக்கப்பட, விடுபட்ட காரணி உட்கருவுக்குள் புகுந்து அழற்சிக்குரிய மரபணுக்களை முடுக்குகிறது. அவ்வாறு முடுக்கப்படுவனவற்றுள் ஐகப்பாபி-ஆல்ஃபாவின் மரபணுவும் ஒன்று. அதாவது, தன்னைக் கட்டிப்போடும் கயிற்றையும் அக்காரணி தானே திரித்துக்கொள்கிறது.

இக்கயிறு இல்லாவிடில் என்னாகும் என்பதை 1995-இல் வெளியான ஆய்வுகள் காட்டின. ஐகப்பாபி-ஆல்ஃபாவின் மரபணு நீக்கப்பட்ட குட்டிகள், தோல் அழன்று, பிறந்த பத்து நாட்களுக்குள் மடிந்தன. மறுபுறம், என்எஃப்-கப்பா-பி குடும்பத்தின் முதன்மை உறுப்பான ரெல்-ஏ இல்லாத கருக்களோ தாயின் வயிற்றிலேயே கல்லீரல் உயிரணுக்கள் மாண்டு அழிந்தன. அழற்சியின் தூதுப்பொருளான டிஎன்எஃப் தாக்கும்போது அவ்வுயிரணுக்கள் சாகாமல் காப்பதும் அழற்சியை மூட்டும் அதே காரணிதான். ‘எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்’ என்று தூளும் லேகியமும் விற்போர் இவ்விரு எலிகளையும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நன்று.

இந்தியாவில் இத்துறையில் குறிப்பிடத்தக்கது, புதுதில்லியிலுள்ள தேசிய நோயெதிர்ப்பியல் நிறுவனத்தில் சௌமென் பாசக்கின் குழுவினர் செய்து 2021-இல் வெளியிட்ட ஆய்வு. என்எஃப்-கப்பா-பி இயங்க இரண்டு வழிகள் உண்டு: விரைந்து தூண்டப்பட்டு அழற்சியை மூட்டும் நேர்வழி ஒன்று, நிணநீர்க் கணு போன்ற உறுப்புகள் உருவாக உதவி, மெதுவாக நெடுநேரம் நடக்கும் பக்கவழி மற்றொன்று. பக்கவழிக்கு இன்றியமையாதது என்எஃப்கேபி2 என்னும் மரபணு. டெக்ஸ்ட்ரான் சல்ஃபேட் என்னும் வேதிப்பொருளைக் குடிநீரில் கலந்து வைத்தால், சில நாட்களில் சுண்டெலியின் பெருங்குடல் உட்சுவர் அரிக்கப்பட்டு, மலம் இளகி, இரத்தமும் கலந்து வரும். நாள்தோறும் தராசில் ஏற்றப்படும் எலியின் எடை கிராம் கிராமாகக் குறையும். என்எஃப்கேபி2 நீக்கப்பட்ட எலிகளோ அதே நீரைக் குடித்தும் பெருமளவு தாங்கிக்கொண்டன. காரணத்தைத் தேடியபோது, வெள்ளணுக்களில் அன்று, குடற்சுவர் உயிரணுக்களிலேயே பக்கவழியின் கைவரிசை இருப்பது புலப்பட்டது: நேர்வழிக்குரிய ரெல்-ஏ இணைகளை அது உறங்கும் நிலையில் கூடுதலாகச் சேர்த்து வைக்கிறது, தூண்டுதல் வந்ததும் அச்சேமிப்பு உட்கருவுக்குள் பாய்ந்து அழற்சியை மிகைப்படுத்துகிறது. மடையைத் திறப்பவர் ஒருவர், குளத்தை நிரப்பி வைத்தவர் வேறொருவர்.

உயிரணுவுக்கு உள்ளிருக்கும் இக்கட்டுப்பாட்டோடு, ஒரு வெள்ளணு மற்றொன்றை அடக்கும் ஏற்பாடும் உண்டு. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் 1949-இல் தற்செயலாகத் தோன்றிய ‘ஸ்கர்ஃபி’ என்னும் எலி வகையில், ஆண் குட்டிகள் தோல் செதிலுரிந்து, மண்ணீரல் வீங்கி, சில வாரங்களிலேயே இறந்தன. டி வெள்ளணுக்கள் சொந்த உடலையே தாக்கியது இதற்குக் காரணம். மேரி பிரன்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெலும் எக்ஸ் குரோமோசோமில் ஐயத்துக்குரிய 20 மரபணுக்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, கடைசியாகப் பார்த்ததில்தான் பிழையைக் கண்டனர். ஃபாக்ஸ்பி3 என்று பெயரிடப்பட்ட அம்மரபணு தருவதும் ஒரு படியெடுத்தல் காரணியே. ஷிமோன் சகாகுச்சி 1995-இல் இனங்கண்டிருந்த ஒழுங்காற்றும் டி வெள்ளணுக்களை உருவாக்குவது அதுவே என 2003-இல் உறுதியாயிற்று. மூவருக்கும் 2025-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. பிறந்த ஓரிரு நாளில் ஸ்கர்ஃபி குட்டிக்கு நலமுள்ள எலியின் ஒழுங்காற்றும் வெள்ளணுக்களைச் செலுத்தினால் நோய் தலைகாட்டுவதில்லை; அதே மரபணுக் குறையோடு பிறக்கும் ஆண் குழந்தைகளுக்கு எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை பயன் தருவதும் இக்காரணம் பற்றியே.