தேயிலை உலர்த்திய விசிறி

தேயிலைத் தோட்டங்களில் தொடக்கத்தில் இலையைக் கரி அடுப்பின் மேல் பரப்பித்தான் உலர்த்தினார்கள். புகை ஏறும், ஒரு பக்கம் கருகும், மறுபக்கம் ஈரம் நிற்கும். அயர்லாந்திலிருந்து 1864-இல் அசாமின் கச்சாருக்கு வந்த சாமுவேல் டேவிட்சன், தீயின் புகை படாமல் வெறும் சூடான காற்றை இலைக்குள் செலுத்தும் ‘சிராக்கோ’ கருவியை 1870களில் உருவாக்கினார். 1881-இல் பெல்ஃபாஸ்டில் ஆலையும் தொடங்கினார். முதல் கருவிகளில் வெப்பக்காற்று தானாகவே மேலே ஏறியது. அதிக இலைக்கு அந்த ஓட்டம் போதாது. காற்றை வலிந்து தள்ளத்தான் விசிறி தேவைப்பட்டது. உருளையைச் சுற்றி முன்னோக்கி வளைந்த குறுகிய இதழ்கள் பலவற்றை நெருக்கிப் பொருத்திய அவரது விசிறி, தேயிலையை விடக் கப்பல்களிலும் சுரங்கங்களிலும்தான் பெரும்புகழ் பெற்றது. இலங்கை, நீலகிரி ஆலைகளில் பச்சை இலையை வாட்டும் நீண்ட தொட்டிகளுக்கு இன்றும் விசிறியே காற்றூட்டுகிறது.