சாட்சியும் கையெழுத்தும்: கூரத்திலிருந்து ஒரு கேள்வி

1

கடவுள் உண்டு என்பதை அறிவால் நிறுவ முடியுமா, இல்லை என்பதை நிறுவ முடியுமா என்கிற விவாதம் நம்மிடையே ஒரே வடிவத்தில் உறைந்து கிடக்கிறது. ஒரு பக்கம் பக்தர், மறுபக்கம் பகுத்தறிவாளர். பக்தர் ‘இதெல்லாம் அனுபவிச்சாத்தான் தெரியும்’ என்று ஒதுங்கிக்கொள்வார். பகுத்தறிவாளர் ‘எங்கே, நிரூபி பார்க்கலாம்’ என்பார். நம்பிக்கைக்கு உணர்ச்சி, நம்பிக்கையின்மைக்குத் தர்க்கம் என்று சொத்தைப் பாகம் பிரித்துக் கொடுத்தாகிவிட்டது. இந்தப் பிரிவினையே ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்தது என்பதிலும் இரு தரப்புக்கும் ஏறக்குறைய உடன்பாடு.

தமிழ்நாட்டு வரலாறு இந்த ஏற்பாட்டுக்கு ஒத்துவரவில்லை. கடவுளை அனுமானத்தால் நிரூபிக்க முடியாது என்று இங்கே மிகக் கறாராக வாதாடியவர்களில் ஒருவர் ஸ்ரீரங்கத்தில் இருந்த ஒரு சந்நியாசி. அந்த வாதத்தை ஓலையில் எழுதியவர் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துக் கூரத்துக்காரர் என்கிறது மரபு. இருவரும் கடவுளை மறுத்தவர்கள் அல்லர். இராமானுசரும் கூரத்தாழ்வானும்தான் அவர்கள். கடவுளின் பொருட்டே கடவுளுக்கான நிரூபணத்தை உடைத்தவர்கள். இதை எப்படிப் புரிந்துகொள்வது என்பதிலிருந்து தொடங்கலாம்.

2

கூரம் காஞ்சிபுரத்துக்கு வடக்கே உள்ள சிறிய ஊர். பல்லவ வரலாறு படித்தவர்களுக்கு அது ஒரு செப்பேட்டின் பெயர். ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முதலாம் பரமேசுவரவர்மன் கொடுத்த கொடை அது. பரமேசுவரமங்கலம் என்ற ஊரை 25 பங்காக்கி, கூரத்துச் சிவன் கோயில் பூசைக்கும் பராமரிப்புக்கும் மூன்று பங்கு, மண்டபத்துக்குத் தண்ணீரும் தீயும் தர ஒரு பங்கு, அந்த மண்டபத்தில் பாரதம் வாசிக்க ஒரு பங்கு, மீதி 20 பங்கு நான்கு வேதமும் கற்ற பிராமணர்களுக்கு. யார் ஓதுவது, யார் வாசிப்பது, அதற்கு எந்த நிலத்தின் விளைச்சல் என்பதை அரசு கணக்குப் போட்டு எழுதிவைத்திருக்கிறது. பல்லவர் செப்பேடுகளில் செக்கும் தறியும் வரியினங்களாக வருவதையும் இதோடு சேர்த்து வாசிக்க வேண்டும். ஓதியவர்களின் பெயர் பங்காளிகளாக வருகிறது. நெய்தவர்களின் தறி வருவாயாக வருகிறது.

சுமார் முந்நூறு ஆண்டுகள் கழித்து இதே ஊரில் கூரத்தாழ்வான் பிறந்தார். வைணவ மரபு சொல்லும் ஆண்டு 1010. பெருஞ்செல்வத்தை உதறிவிட்டு ஸ்ரீரங்கம் போனவர். பிரம்மசூத்திரத்துக்குப் போதாயனர் எழுதிய விருத்தியுரையைத் தேடி இராமானுசர் காஷ்மீரம் போனதாகவும், கிடைத்த ஏடு வழியில் பறிக்கப்பட்டதாகவும், அதை இரவு இரவாகப் படித்து மனத்தில் ஏற்றிவைத்திருந்த ஆழ்வான் ‘கவலை வேண்டாம்’ என்று சொன்னதாகவும் கதை. அந்த விருத்தியுரை இன்று கிடைக்கவில்லை. ஸ்ரீபாஷ்யத்தின் அடித்தளத்தில் இருப்பதாக மரபே சொல்லுவது ஒரு மனிதரின் ஞாபகம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சாட்சியம் என்ற விஷயம் இங்கேயே ஆரம்பமாகிவிட்டது.

ஸ்ரீபாஷ்யத்தில், பிரம்மத்தை அறிய சாத்திரமே ஆதாரம் என்னும் சூத்திரத்துக்கான உரையில் அந்த வாதம் வருகிறது. எதிர்த்தரப்பு நியாயவாதிகள். பத்தாம் நூற்றாண்டில் உதயணர் கடவுளை நிரூபிப்பதற்கென்றே ‘நியாயகுசுமாஞ்சலி’ எழுதியிருந்தார். குடம் செய்யப்பட்ட பொருள். அதற்குக் குயவன் உண்டு. உலகமும் செய்யப்பட்ட பொருள். அதற்கும் ஒரு கர்த்தா வேண்டும். எளிமையான வாதம்தான். இன்றைக்கும் டீக்கடையில் ‘கடிகாரத்தைப் பண்ணினவன் ஒருத்தன் இருக்கானில்லையா’ என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார்.

இராமானுசர் இதை விடவில்லை. மலையும் கடலும் ஒரே காலத்தில், ஒரே கர்த்தாவால் செய்யப்பட்டன என்பதற்கு என்ன ஆதாரம்? வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு பேர் செய்திருக்கலாமே. நாம் பார்த்த செய்பொருள்கள் எல்லாம் அப்படித்தானே இருக்கின்றன. அந்தக் கர்த்தாவுக்கு உடம்பு உண்டா? உண்டு என்றால் அவரும் நம்மைப்போல் ஒருவர். இல்லை என்றால், உடம்பில்லாதவர் எதையாவது செய்து யார் பார்த்தது? குடத்தை வைத்து அனுமானித்தால் குயவன்தான் கிடைப்பான், பரம்பொருள் கிடைக்காது. டேவிட் ஹ்யூமின் இயற்கைச் சமயம் பற்றிய உரையாடல்கள் 1779இல் அச்சேறின. பலர் சேர்ந்து வீடு கட்டுவதுபோலப் பல தெய்வங்கள் சேர்ந்து ஏன் உலகைச் செய்திருக்கக்கூடாது என்று அதில் ஒரு கேள்வி. ஆறு நூற்றாண்டுக்கும் மேலான இடைவெளியில், எதிரெதிர் நோக்கங்களோடு, ஏறக்குறைய ஒரே கேள்வி.

3

அனுமானம் போய்விட்டால் மிச்சம் என்ன? சப்தம், அதாவது சொல். கண்ணுக்கும் அனுமானத்துக்கும் எட்டாததை வேதத்தின் சொல்லால் அறிகிறோம் என்பது வேதாந்திகள் நிலை. இதைக் கேட்டதும் ‘பாத்தீங்களா, கடைசியில் குருட்டு நம்பிக்கை’ என்று சிரித்துவிட்டுப் போவது சுலபம். அது சரியல்ல என்று நினைக்கிறேன். நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி பிறர் சொல்லித் தெரிந்ததுதான். என் பிறந்த நாளை நான் அம்மா சொல்லித்தான் அறிந்தேன். சூரியன் எத்தனை கோடி மைல் தூரம் என்று நம்மில் யாரும் அளக்கவில்லை. சொல்லை ஆதாரமாகக் கொள்வது மட்டுமே ஒருவரை அறிவிலியாக்கிவிடாது. சாட்சியை எப்படி ஏற்கிறோம், விசாரிக்க இடமிருக்கிறதா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வானியல்காரர் சொல்லை நான் நம்புவதற்குக் காரணம், யார் வேண்டுமானாலும் கற்றுக்கொண்டு அவரைக் குறுக்கு விசாரணை செய்யலாம் என்பது.

வேதச் சாட்சியத்தில் அந்த வழி அடைபட்டிருந்தது. பிரம்மசூத்திரத்தின் அபசூத்திராதிகரணம் என்ற பகுதி, பிரம்ம வித்தைக்குச் சூத்திரருக்கு அதிகாரம் இல்லை என்கிறது. சங்கரர் இதை ஆமோதித்தார். தத்துவத்தில் சங்கரரோடு வரிக்கு வரி மல்லுக்கு நின்ற இராமானுசரும் ஸ்ரீபாஷ்யத்தில் இந்த இடத்தில் விலக்கை ஏற்றுக்கொள்கிறார். இது சின்ன விஷயமில்லை. ‘கடவுளுக்கு அனுமானம் ஆதாரமாகாது, சொல் மட்டுமே ஆதாரம்’ என்று ஒரு பிரதி சொல்கிறது. அதே பிரதி, ‘அந்தச் சொல்லை நீ கேட்கக்கூடாது’ என்று பெரும்பாலானவர்களிடம் சொல்கிறது. அப்படியானால் தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்திருக்கும் ஒருவர் எந்த ஆதாரத்தை வைத்து நம்புவார்? சாட்சி உள்ளே இருக்கிறார், நீ வெளியே நில், தீர்ப்பை மட்டும் ஏற்றுக்கொள். எந்த வழக்கு மன்றத்திலும் இது நிற்காது.

காஞ்சிபுரமே இதற்கு எதிர்ச்சாட்சியும் வைத்திருக்கிறது. திருக்கச்சி நம்பி பூவிருந்தவல்லிக்காரர், பிராமணர் அல்லர். வரதராசப் பெருமாளுக்கு ஆலவட்டம் வீசியவர். பெருமாள் அவரோடு பேசுவார் என்பது ஐதிகம். தன் சந்தேகங்களுக்குப் பதில் கேட்டுச் சொல்லும்படி இராமானுசர் அவரைத்தான் வேண்டினார். அவர் வழியாகத்தான் ஆறு வார்த்தைகள் கிடைத்தன. அதே நம்பி சாப்பிட்டுப் போன இடத்தை இராமானுசரின் மனைவி கழுவிவிட்டார் என்பதும் அதே குருபரம்பரைக் கதைதான். ஸ்ரீபாஷ்யம் மூடிய கதவைக் காஞ்சிபுரத்துக் கதை திறக்கிறது. அடுத்த நிமிடமே அந்த வீட்டுத் திண்ணையில் தண்ணீர் ஊற்றப்படுகிறது. நம்மாழ்வாரின் தமிழை வேதத்துக்குச் சமமாக வைத்தது, திருக்கோட்டியூரில் மந்திரத்தை ஊரறியச் சொன்னது எல்லாவற்றையும் இந்த இழுபறிக்குள் வைத்துத்தான் வாசிக்க வேண்டும். இராமானுசரைப் புரட்சிக்காரர் ஆக்குகிறவர்கள் ஒரு பாதியை மறைக்கிறார்கள். வெறும் சனாதனி என்கிறவர்கள் மறு பாதியை மறைக்கிறார்கள்.

4

ஆழ்வானைப் பற்றி இரண்டு கதைகள் உண்டு. முதலாவது, ஸ்ரீபாஷ்யம் எழுதும்போது நடந்ததாகச் சொல்வது. இராமானுசர் சொல்லச் சொல்ல ஆழ்வான் எழுதுவார். உடன்பாடில்லாத இடத்தில் எழுத்தாணியை நிறுத்திவிட வேண்டும் என்பது ஏற்பாடு. ஓரிடத்தில் ஆன்மாவின் இலக்கணத்தை அறிவை மட்டும் வைத்து இராமானுசர் சொல்ல, கை நின்றது. குருவுக்குக் கோபம் வந்தது. ஆழ்வான் அசையவில்லை. பிறகு குருதான் தன் வாசகத்தைத் திருத்தினார்.

இரண்டாவது கதை ஊரறிந்தது. சிவனுக்கு மேல் ஒன்றும் இல்லை என்று எழுதிய ஓலையில் கையெழுத்துப் போடச் சொல்லிச் சோழன் இராமானுசரை அழைக்கிறான். ஆழ்வான் அவருடைய காவியை உடுத்திக்கொண்டு பெரிய நம்பியோடு போகிறார். இராமானுசர் வெள்ளை உடுத்தி மேற்கே மேல்கோட்டைப் பக்கம் போய்விடுகிறார். சபையில் ஆழ்வான், சிவம் என்பதும் துரோணம் என்பதும் முகத்தலளவைகளின் பெயர்கள் என்பதைப் பிடித்துக்கொண்டு, ‘அதைவிடப் பெரியது துரோணம்’ என்ற பொருள்பட எழுதிவிடுகிறார். விளைவாகக் கண்கள் போயின. பெரிய நம்பி உயிர் விட்டார்.

அந்தச் சோழன் யார் என்பதில் ஆய்வாளர்களிடையே உடன்பாடு இல்லை. முதலாம் குலோத்துங்கன் என்பாருண்டு, இரண்டாமவன் என்பாருண்டு. நமக்குத் தெரிவது குருபரம்பரை நூல்களின் கதை. அதைச் சைவர்மேல் குற்றப்பத்திரிகையாக வாசிக்க நான் தயாரில்லை. நாகப்பட்டினத்துப் புத்தர் பொற்சிலையைத் திருமங்கையாழ்வார் கவர்ந்ததை வைணவ நூல்கள் பெருமையாகவே சொல்கின்றன. அனல்வாதம், புனல்வாதத்தில் தோற்ற எண்ணாயிரம் சமணர் மதுரையில் கழுவேறியதைப் பெரியபுராணம் சொல்கிறது. வாதத்தில் முடியாததை ஏட்டைத் தீயில் போட்டுத் தீர்ப்பது, பிறகு ஆளைத் தீர்ப்பது என்ற வரிசையை எல்லாத் தரப்பும் அறிந்திருந்தது. மணிமேகலை தர்க்க அளவைகளைக் கற்றதாகச் சாத்தனார் பாடிய இடமும் இந்தக் காஞ்சிதான். அந்தப் பௌத்தர்கள் இன்று காஞ்சியில் எங்கே?

இரண்டு கதைகளிலும் எழுத்தாணிதான் மையம். குருவிடம் நின்ற கை உரையைத் திருத்தியது. அரசனிடம் நின்ற கை கண்ணை இழந்தது. முதல் இடத்தில் மறுப்புக்கு விலை இல்லை, அதனால் அங்கே அறிவு வேலை செய்ய முடிந்தது. இரண்டாம் இடத்தில் ‘கடவுள் இன்னார்’ என்பது கருத்தாகவே இல்லை, கட்டளையாகிவிட்டது. அங்கே ஒருவர் ஆமாம் என்றாலும் அந்த ஆமாமுக்கு அறிவுலகில் மதிப்பில்லை. சிலேடை செய்வதுதான் மிஞ்சியிருந்த ஒரே சுதந்திரம்.

5

1882 முதல் 1888 வரை சென்னையில் ‘தத்துவவிவேசினி’ வந்தது. இலண்டனில் பிராட்லா நடத்திய சங்கத்தோடு தொடர்பு வைத்திருந்த நாத்திகர்களின் இதழ். பிறகு பெரியார். 1925 நவம்பரில் காங்கிரசை விட்டு அவர் வெளியேறியது காஞ்சிபுரம் மாநாட்டில். அவர் கேட்டது கடவுளைப் பற்றியே இல்லை, வகுப்புவாரி பிரதிநிதித்துவம். கடவுள் மறுப்பு அந்தக் கேள்வியின் நீட்சியாகத்தான் வந்தது. பெரியாரின் மறுப்பைக் குயவன்–குடம் தர்க்கத்தின் மறுதலையாக மட்டும் வாசிப்பவர்கள் அவரைத் தவறவிடுகிறார்கள். அவர் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தார். இதைச் சொன்னது யார், சொன்னதால் யாருக்கு லாபம், கேட்கக்கூடாது என்று யாரைத் தடுத்தார்கள்? ஸ்ரீபாஷ்யம் மிச்சம் வைத்த ஒரே ஆதாரத்தைத்தான் அவர் தொட்டார்.

ஒரு ஆட்சேபம் உண்டு. சாட்சி சுயநலக்காரர் என்பதாலேயே சாட்சியம் பொய்யாகிவிடுமா? ஆகாது. ஆனால் வேறு ஆதாரமே இல்லாதபோது, நலன் சார்ந்த சாட்சியத்தை ஏற்க மறுப்பது முழுக்க நியாயம். அதிலிருந்து கிடைக்கும் முடிவு ‘நிறுவப்படவில்லை’ என்பது. ‘இல்லவே இல்லை’ என்பதற்கு இன்னும் கொஞ்ச தூரம் போக வேண்டும். தோழர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். 1967இல் பெரியார் வகுத்த கடவுள் மறுப்பு வாசகத்தை விசாரணையின் முடிவாகச் சொல்வது ஒன்று. கூட்டத்தின் தொடக்கத்தில் எல்லோரும் ஒப்பிக்கும் உறுதிமொழியாகச் சொல்வது வேறொன்று. ஒப்பிக்கும் இடத்தில் எழுத்தாணி நிற்க முடியாது. நான் சொல்வதால் நம்பாதே, உன் புத்தியால் யோசி என்று திரும்பத் திரும்பச் சொன்னவரே அவர்தான்.

நாத்திகருக்கும் கையெழுத்து நிர்ப்பந்தம் நடந்திருக்கிறது. பகத்சிங் 1930இல் சிறையில் எழுதிய ‘நான் ஏன் நாத்திகன்’ கட்டுரையை ஜீவா தமிழாக்க, குடி அரசு பதிப்பகம் வெளியிட்டது. பிரிட்டிஷ் அரசு இருவரைக் கைது செய்தது; மன்னிப்பு எழுதிக் கொடுத்துத்தான் வெளியே வந்தார்கள். அந்த மன்னிப்பால் பகத்சிங்கின் வாதத்தில் ஒரு வரிகூட பொய்யாகவில்லை.

1877இல் கிளிஃபோர்டு என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர், போதிய ஆதாரம் இல்லாமல் நம்புவது எங்கும் எப்போதும் தவறு என்று எழுதினார். அவர் தந்த உதாரணம் ஒரு கப்பல் முதலாளி. ஓட்டைக் கப்பலை நல்ல கப்பல் என்று தனக்குத்தானே நம்பவைத்துக்கொண்டு, ஏழைப் பயணிகளை ஏற்றி அனுப்பிவிடுகிறான். கிளிஃபோர்டு பொது விதியாகச் சொன்னதை விட உதாரணம் கூர்மையானது. அவன் நம்பிக்கையில் மற்றவர்களின் உயிர் ஏறியிருக்கிறது.

என் நிலைப்பாடு இதிலிருந்துதான். நியாயம் சொல்லும் கடன் அதிகாரத்தோடு சேர்ந்து வருகிறது. பிள்ளையார்பாளையத்தில் தறியில் உட்காருமுன் விளக்கேற்றும் ஒரு அம்மாவிடம் போய் ‘நிரூபி’ என்று கேட்க எனக்கு உரிமையில்லை. ‘எனக்கென்னப்பா தெரியும், மனசு நிக்குது’ என்று அவர் சொன்னால் அவர் அளவில் அது போதும். அவரிடம் ஓலை நீட்டினால் நானும் சோழன்தான். ஆனால் ஒரு நம்பிக்கை இன்னொருவரைத் தெருவிலிருந்தோ கருவறையிலிருந்தோ தள்ளி நிறுத்தும்போது முழுக் கணக்கையும் காட்டியாக வேண்டும். ‘ஐதிகம்’, ‘ஆகமம்’ என்று சொல்லித் தப்ப முடியாது. அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராவதற்கான சட்டம் வந்த 1970க்கும், பயிற்சி பெற்றவர்களுக்குத் தமிழக அரசு நியமன ஆணை கொடுத்த 2021க்கும் நடுவே ஓடிய ஐம்பது ஆண்டு வழக்குகளில் கடவுள் உண்டா என்று யாரும் கேட்கவில்லை. யார் தொடலாம் என்பதே வழக்கு.

கண் போன ஆழ்வானை, வரதராசரிடம் கண்ணைக் கேள் என்று இராமானுசர் அனுப்பினார். ஆழ்வான் கேட்டது, சோழனிடம் தன்னைக் காட்டிக்கொடுத்த நாலூரானுக்கும் மோட்சம். நம்பாதவனான எனக்கும் இந்தக் கதை வேண்டும். இதன் நியாயம் கடவுள் உண்டு என்பதற்குச் சாட்சியாகாது. ஆழ்வான் என்ற மனிதருக்குச் சாட்சியாகும். அந்த மனிதர் பிறந்த ஊரில், அவருக்கு மூன்று நூற்றாண்டு முன்னால், மண்டபத்தில் பாரதம் வாசிக்க ஒரு பங்கு நிலம் விடப்பட்டது. வாசிப்பவருக்கு என்ன கிடைக்கும் என்று செப்பேடு சொல்கிறது. தறியை நிறுத்திவிட்டு வந்து அந்த மண்டபத்தில் உட்கார்ந்து கேட்க யாருக்கு இடமிருந்தது என்று அது சொல்லவில்லை.