எறியுளி

ஆவடியிலிருந்து மின்ரயிலில் அரக்கோணம் போனால், கடற்படையின் ஐஎன்எஸ் ராஜாளி விமானதளம். 2013 முதல் அங்கே இயங்கும் பி-8ஐ ரோந்து விமானங்கள் கப்பல்களைத் தாக்கச் சுமக்கும் ஏவுகணைக்குப் பெயர் ஹார்பூன். திமிங்கிலத்தின் மேல் கையால் வீசிய இரும்பின் பெயர் அது. நம் செய்தித்தாள்களுக்கும் அந்தப் பெயர் ஒன்றே தெரிகிறது. அந்த இரும்புக்குத் தமிழில் எறியுளி என்று பெயர் உண்டு. சங்கப் பாட்டிலேயே உண்டு.

குறுந்தொகையின் 304ஆம் பாட்டில் கணக்காயன் தத்தன் அதைப் பாகம் பாகமாகக் காட்டுகிறார். கூரிய வாயுள்ள இரும்பு. அது பொருந்திய கழி, நன்றாகக் காய்ந்த மூங்கில். மீனவர்களான பரதவர் திமில் என்னும் படகில் போய்ச் சுறா இனத்துக் கோட்டுமீனை அதனால் எறிகிறார்கள். கரையிலிருந்த அன்னங்கள் வெருண்டு ஓடுகின்றன. அகநானூறு 210இல் உலோச்சனார் அடுத்த கட்டத்தைச் சொல்கிறார். எறியுளி பட்ட பெருமீன் உடனே சாவதில்லை. குருதி கடலைக் கறைப்படுத்தத் துள்ளுகிறது, அலைகளைக் கலக்குகிறது, வலுவிழந்த பிறகே திமில்களின் பக்கம் வருகிறது. வேட்டையைக் கண்டவர் வாயால் கேட்காமல் இதை எழுதியிருக்க முடியாது என்பது என் எண்ணம்.

ஏன் உளி? தச்சன் உளியும் பிடியின் நுனியில் செருகிய வெட்டிரும்புதான். பிடியோடு கையில் நின்றால் உளி, கையைவிட்டுப் பறந்தால் எறியுளி. தமிழ்ப் பேச்சில் இந்தச் சொல் நிற்கவில்லை. தென்கரையில் மண்டா என்கிறார்கள். மலையாளத்தில் உளி பிழைத்துக்கொண்டது. அங்கே ஹார்பூனுக்குச் சாட்டுளி என்று பெயர். சாட்டுதல் என்றால் வீசுதல். துளைக்கும் பார்வையையும் சாட்டுளிக்கு ஒப்பிடுவார்கள். முன்பாதி மாறினாலும் இரு சொற்களின் கட்டும் ஒன்றே.

பழைய ஹார்பூனைப் போலச் செய்து சுவரில் மாட்டுகிறவர்கள் பெரும்பாலும் அமெரிக்க வகையையே எடுக்கிறார்கள். அதில் புகழ்பெற்றது 1848இல் நியூ பெட்ஃபோர்டு கறுப்பினக் கொல்லர் லூயிஸ் டெம்பிள் செய்தது. முனை நேராக உள்ளே போகும். கயிறு இழுபட்டதும் சிறு மர ஆணி ஒடியும். முனை குறுக்கே திரும்பிச் சதைக்குள் மாட்டிக்கொள்ளும். காப்புரிமை பெறாததால் ஊரே அதைச் செய்து விற்றது. அருமையான வேலை, மறுக்கவில்லை.

ஆனால் அம்பத்தூர்ப் பட்டறை ஒன்றில் ஒரு நாள் எறியுளி உருவாக வேண்டும் என்பது என் ஆசை. லேத்தில் கடைந்தால் வழவழவென்று பொய்யாக இருக்கும். உலையில் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்துத்தான் வாயைக் கூராக்க வேண்டும். கழிக்குப் பச்சை மூங்கில் ஆகாது. காயக் காயச் சுருங்கி முனை ஆடும். புலவர் காய்ந்த மூங்கில் என்றதை அளவுகோலாக வைத்தே கழியைத் தேர்ந்தெடுக்கலாம். கழி பிளக்காமலிருக்க, தச்சன் உளிப்பிடிக்குப் போடுவதுபோல ஒரு பூண் போட்டால் போதும்.