பாம்புத்தோல் தடையும் இருளர் கூட்டுறவுச் சங்கமும்

நாட்றம்பள்ளியை அடுத்த வாணியம்பாடி, ஆம்பூர் ஆகிய ஊர்கள் ஆட்டுத்தோல், மாட்டுத்தோல் பதனிடுதலுக்குப் பெயர்பெற்றவை. ஒரு காலத்தில் இந்தியாவிலிருந்து பாம்புத்தோலும் ஏற்றுமதியானது. செங்கல்பட்டுப் பகுதி இருளர்கள் பாம்பு பிடித்து, தோலை வணிகர்களிடம் விற்றுப் பிழைத்தனர். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1976இல் பாம்புத்தோல் ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது. பாம்புகளுக்குப் பாதுகாப்புக் கிடைத்தது. இருளர்களோ பிழைப்பை இழந்தனர்.

ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. வடநெம்மேலியில் இயங்கும் இச்சங்கத்தினர் வனத்துறை அனுமதியுடன் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்து, நஞ்செடுத்த பின் மீண்டும் காட்டில் விடுகின்றனர். அந்நஞ்சைக் கொண்டு பாம்புக்கடிக்கான முறிமருந்து தயாரிக்கப்படுகிறது.

முன்பு பாம்பைத் தோலாக்கிய அதே திறமை, இன்று பாம்பையும் மனிதரையும் காக்கிறது. தடையோடு மாற்றுத் தொழிலும் அமைந்ததே இதற்குக் காரணம்.